ஒரே கேபிளில் பல தரவோடைகள்

மொட்டைமாடியில் ஒரு டிஷ், அதிலிருந்து இறங்கும் ஒரே ஒரு கேபிள், அதன் முனையில் ஒரு செட் டாப் பாக்ஸ், கையில் இருக்கும் ரிமோட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சேனல்கள். இந்த அமைப்பைப் பார்க்கும்போது, எல்லாச் சேனல்களும் அந்தக் கேபிள் வழியே ஒருசேர இறங்கிப் பெட்டிக்குள் காத்திருப்பதாகவும், நாம் எண்ணை அழுத்தியதும் அவற்றுள் ஒன்றைப் பெட்டி திரைக்கு அனுப்புவதாகவும் தோன்றும். உண்மையில் சேனல்கள் கட்டுக் கட்டாகவே வருகின்றன. அலையைத் தேர்ந்து பிடிக்கும் டியூனர் ஒன்று மட்டுமே உள்ள சாதாரணப் பெட்டிக்கு எந்த நொடியிலும் அவற்றுள் ஒரு கட்டு மட்டுமே தெரியும். மற்றக் கட்டுகளில் உள்ள சேனல்களைப் பற்றி அதனிடம் இருப்பது ஒரு குறிப்பேடு மட்டுமே. இந்தக் கட்டுக்குத் தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்று பெயர். தமிழில் தரவோடை எனலாம், சுருக்கமாக ஓடை. பல ஓடைகளுக்கு நடுவே ஒரு பெட்டி எவ்வாறு குழப்பமின்றி வேலை செய்கிறது என்பதே இங்கே பேசப்படுவது.

நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். பிரசார் பாரதி கட்டணமின்றி வழங்கும் டிடி ஃப்ரீ டிஷ் சேவை, 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இன்று அது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியே வருகிறது. அந்தச் செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் எனப்படும் மறுஒளிபரப்புக் கருவிகள் பல உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கென ஒதுக்கப்பட்ட அதிர்வெண்ணில் ஒளிபரப்புகிறது. 11090 மெகாஹெர்ட்ஸில் ஓர் ஓடை, 11170 மெகாஹெர்ட்ஸில் இன்னொன்று என்று அவை வரிசையாக அமைந்திருக்கின்றன. டிஷ்ஷின் முன்னால் பொருத்தப்பட்ட எல்.என்.பி. என்னும் சிறு கருவி இந்த உயர் அதிர்வெண்ணிலிருந்து 9750 மெகாஹெர்ட்ஸைக் கழித்துக் கேபிளில் இறக்குகிறது. ஆகவே 11090 என்பது பெட்டிக்கு 1340 மெகாஹெர்ட்ஸாகவும், 11170 என்பது 1420 மெகாஹெர்ட்ஸாகவும் வந்து சேரும். பெட்டிக்குள் இருக்கும் டியூனர், 1340 இல் நிற்கும்போது 1420 இல் வருவதைப் பார்க்க இயலாது. முதல் ஓடையில் உள்ள சேனலிலிருந்து இரண்டாம் ஓடையில் உள்ள சேனலுக்கு நாம் மாறினால், டியூனர் பழைய இடத்தை விட்டுப் புதிய இடத்துக்குப் போய், அங்கே சமிக்ஞையைப் பிடித்து நிலைகொண்டு, அதன்பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். சேனல் மாற்றும்போது சில வேளைகளில் திரை சற்று நேரம் கறுத்திருப்பதற்கும், சில வேளைகளில் மாற்றம் விரைவாக நிகழ்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்: விரைவாக மாறும் சேனல்கள் பெரும்பாலும் ஒரே ஓடையில் இருப்பவை.

இனி ஓர் ஓடைக்குள் இறங்கிப் பார்ப்போம். ஓடை என்பது 188 பைட் நீளமுள்ள சிறு பொதிகளின் இடைவிடாத வரிசை. ஒவ்வொரு பொதியும் 71 என்ற மதிப்புடைய ஒரு பைட்டில் தொடங்குகிறது; பொதி எங்கே தொடங்குகிறது என்பதைப் பெட்டி அந்த அடையாளத்தைக் கொண்டே அறிகிறது. அதைத் தொடர்ந்து வரும் தலைப்பகுதியில், பி.ஐ.டி. எனப்படும் ஓர் எண் உள்ளது. 13 பிட் அளவுள்ள அந்த எண் 0 முதல் 8191 வரை எதுவாகவும் இருக்கலாம். ஒரு சேனலின் படத்தைச் சுமக்கும் பொதிகள் அனைத்துக்கும் ஒரே பி.ஐ.டி., அதன் ஒலியைச் சுமப்பவற்றுக்கு வேறொரு பி.ஐ.டி., அடுத்த சேனலின் படத்துக்கு இன்னொன்று என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடிவருகின்றன. அனுப்ப எதுவும் இல்லாத நேரத்தில் 8191 என்ற எண்ணுடன் வெற்றுப் பொதிகள் வந்து இடத்தை நிரப்புகின்றன.

இதன் வேகத்தை ஒரு கணக்கால் உணரலாம். ஓர் ஓடையில் நொடிக்கு 2 கோடியே 95 லட்சம் குறியீடுகள் (அலையில் ஏற்றப்படும் சிறு அலகுகள்), குறியீட்டுக்கு 2 பிட், அதில் பிழைதிருத்தத்துக்குப் போக நான்கில் மூன்று பங்கு, அதற்கு மேலும் 204 பைட்டுக்கு 188 பைட்டே பயனுள்ளது என்று கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 4 கோடியே 8 லட்சம் பிட் கிடைக்கும். பொதிகளாக எண்ணினால் நொடிக்கு 27,000. டிமக்ஸ் எனப்படும் பிரிப்புப் பகுதி, இத்தனை பொதிகளின் பி.ஐ.டி. எண்ணையும் ஒன்று விடாமல் படித்து, நாம் பார்க்கும் சேனலுக்கு உரியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடுகிறது. ஒரு சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டி ஒவ்வொரு நொடியும் இதைச் சலிக்காமல் செய்துவருவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

எந்த எண் எந்தச் சேனலுக்கு உரியது என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதற்கான அட்டவணைகளும் அதே ஓடையில்தான் மிதந்து வருகின்றன. பி.ஐ.டி. 0 என்பது எல்லா ஓடைகளிலும் பி.ஏ.டி. என்னும் முதல் அட்டவணைக்காக ஒதுக்கப்பட்டது. இந்த ஓடையின் எண் என்ன, இதில் எந்தெந்தச் சேனல்கள் உள்ளன, ஒவ்வொன்றின் விவரத்தை எந்த பி.ஐ.டி.யில் தேட வேண்டும் என்பதை அது சொல்கிறது. அது காட்டும் இடத்தில் பி.எம்.டி. என்னும் இரண்டாம் அட்டவணை இருக்கும். அச்சேனலின் படம், ஒலி, வசன வரிகள் ஆகியவற்றின் பி.ஐ.டி. எண்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு அட்டவணைகளும் நொடிக்குப் பல முறை திரும்பத் திரும்ப வருவதால், பெட்டி எந்த நேரத்தில் ஓடைக்குள் நுழைந்தாலும் வழி கேட்டுக்கொள்ள அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில்தான் பலர் தவறவிடும் ஒரு செய்தி இருக்கிறது: இந்த எண்கள் அனைத்தும் அந்த ஓடைக்குள் மட்டுமே பொருளுடையவை. சென்னையில் 12ஆம் எண் வீடு எது என்று கேட்டால் விடை சொல்ல முடியாது. எந்தத் தெருவில் என்று திருப்பிக் கேட்கவேண்டும். அதுபோலவே பி.ஐ.டி. 512 என்பது ஓர் ஓடையில் ஒரு செய்திச் சேனலின் படமாகவும், பக்கத்து ஓடையில் ஒரு பக்திச் சேனலின் ஒலியாகவும் இருக்கலாம். பி.ஐ.டி. 0 எல்லா ஓடையிலும் உண்டு, ஆனால் அதன் உள்ளடக்கம் ஓடைக்கு ஓடை வேறு. பல ஓடைகளைக் கையாளும் ஒரு பெட்டியின் வேலை முழுவதையும் ஒரே வரியில் சொல்லவேண்டுமானால், தான் படித்த எண் எந்த ஓடையில் படித்தது என்பதை அது ஒருபோதும் மறக்கக்கூடாது என்பதே.

அதனால்தான் ஐரோப்பாவில் உருவாகி நம் நாட்டிலும் பின்பற்றப்படும் டி.வி.பி. என்னும் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில், ஒவ்வொரு சேனலுக்கும் மூன்று எண்கள் சேர்ந்த ஒரு முகவரி வகுக்கப்பட்டது. முதலாவது அது எந்த வலையமைப்பில் தோன்றியது என்பதற்கான எண். இரண்டாவது எந்த ஓடை என்பதற்கான எண். மூன்றாவது அந்த ஓடைக்குள் எந்தச் சேனல் என்பதற்கான எண். ஒவ்வொன்றும் 16 பிட் நீளம் கொண்டது; 0 முதல் 65535 வரை இடம் உண்டு. ஊர், தெரு, கதவு எண் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் நினைவகத்தில் உள்ள சேனல் பட்டியலில், நாம் காணும் பெயருக்கும் எண்ணுக்கும் பின்னால் இந்த மூன்று எண்களும், அந்த ஓடையைப் பிடிக்கத் தேவையான அதிர்வெண் முதலிய விவரங்களும் சேமிக்கப்பட்டிருக்கின்றன. முன்னர்க் குறிப்பேடு என்றது இதைத்தான்.

குறிப்பேடு எழுதப்படுவது பெட்டி சேனல்களைத் தேடி ஸ்கேன் செய்யும்போது. ஒவ்வோர் ஓடையும் தன்னைப் பற்றி மட்டுமின்றித் தன் அண்டை ஓடைகளைப் பற்றியும் சொல்லக்கூடும் என்பது இம்முறையின் அழகான அம்சம். பி.ஐ.டி. 16 இல் வரும் என்.ஐ.டி. அட்டவணை, இந்த வலையமைப்பில் உள்ள எல்லா ஓடைகளையும், ஒவ்வொன்றும் எந்த அதிர்வெண்ணில் கிடைக்கும் என்பதையும் பட்டியலிடுகிறது. ஆகவே பெட்டிக்கு ஒரே ஓர் அதிர்வெண் தெரிந்தால் போதும். அங்கே போய் என்.ஐ.டி.யைப் படித்து, மற்ற இடங்களுக்கெல்லாம் அது தானே போய்விடும். பி.ஐ.டி. 17 இல் சேனல்களின் பெயர்கள் வருகின்றன. அதில் இந்த ஓடையின் சேனல்களுக்கு ஒரு வகைப் பட்டியலும், பிற ஓடைகளின் சேனல்களுக்கு இன்னொரு வகைப் பட்டியலும் உண்டு. பி.ஐ.டி. 18 இல் நிகழ்ச்சி விவரம் வருகிறது. அதிலும் இதே பிரிவு இருக்கிறது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஓடையில் இல்லாத ஒரு சேனலில் இரவு எட்டு மணிக்கு என்ன நிகழ்ச்சி என்று பெட்டி சொல்ல முடிவது, அந்த விவரத்தை இந்த ஓடையே சுமந்து வருவதால்தான். அவ்வாறு சுமக்காத சேவைகளில், நாம் ஒரு முறை அந்தச் சேனலுக்குப் போய் வந்தால்தான் அட்டவணையில் நிகழ்ச்சிப் பெயர் நிரம்பும்.

ஸ்கேன் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பொறுமை இழப்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். இந்தப் பட்டியல்கள் எல்லாம் ஒரே வேகத்தில் திரும்ப வருவதில்லை. ஓர் ஓடை தன் சொந்தச் சேனல் பெயர்களை 2 நொடிக்கு ஒரு முறையாவது அனுப்ப வேண்டும் என்பது டி.வி.பி. வழிகாட்டுதல், என்.ஐ.டி.க்கும் பிற ஓடைகளின் பெயர்ப் பட்டியலுக்கும் 10 நொடி வரை இடைவெளி விடலாம். முழுமையான பட்டியலைப் பெற விரும்பும் பெட்டி, ஒவ்வோர் ஓடையிலும் அந்த 10 நொடியைக் காத்துத்தான் ஆகவேண்டும். விரைவாக முடியும் ஸ்கேனை நல்ல ஸ்கேன் என்று நினைப்பது சரியன்று. அவசரப்படும் பெட்டிகளில்தான் சில சேனல்கள் பெயரில்லாமல் வெறும் எண்ணாகப் பதிவாகின்றன.

அட்டவணை ஒவ்வொன்றிலும் 0 முதல் 31 வரை சுழலும் ஒரு பதிப்பு எண்ணும் உண்டு. ஒளிபரப்பாளர் ஏதேனும் மாற்றினால் அந்த எண் கூடும்; பெட்டி அதைக் கண்டதும் அட்டவணையை மீண்டும் படிக்கும். டிடி ஃப்ரீ டிஷ்ஷில் இடங்கள் மின்னேலம் வழியே ஒதுக்கப்படுவதால், சேனல்கள் ஓடை மாறுவதும் புதியவை வருவதும் அடிக்கடி நிகழ்கிறது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஓடைக்குள் நடக்கும் மாற்றத்தைப் பெட்டி பெரும்பாலும் தானே கவனித்துக்கொள்ளும். ஒரு சேனல் வேறோர் ஓடைக்கே குடிபெயர்ந்துவிட்டால், அதன் முகவரியே மாறிவிடுகிறது. குறிப்பேட்டைத் தானாகப் புதுப்பிக்கும் வசதி இல்லாத பெட்டியில் மீண்டும் ஸ்கேன் செய்வது தவிர வேறு வழியில்லை.

என்.ஐ.டி.யை நம்பாமல் வானத்தைத் தானே துழாவும் முறைக்கு பிளைண்ட் ஸ்கேன் என்று பெயர். சி-பேண்ட் என்னும் அதிர்வெண் பட்டைக்கான பெரிய டிஷ் வைத்திருப்பவர்கள் இதையே அதிகம் பயன்படுத்துகிறார்கள். அங்கேதான் மூன்று எண் முகவரியின் பலவீனமும் வெளிப்படுகிறது. ஒரே ஒரு சேனலைத் தனி அலையில் ஏற்றி அனுப்பும் சில சிறு நிறுவனங்கள், கருவியில் ஏற்கெனவே இருந்த தொடக்க எண்களை மாற்றாமலேயே விட்டுவிடுகின்றன. வலையமைப்பு 1, ஓடை 1, சேனல் 1 என்று ஒரே முகவரியுடன் வெவ்வேறு சேனல்கள் ஒரே செயற்கைக்கோளில் இருந்தால், முகவரியை மட்டும் நம்பும் பெட்டி இரண்டாவதைக் கண்டதும் முதலாவதை அழித்துவிடும், அல்லது இரண்டாவதைச் சேர்க்கவே மறுத்துவிடும். சில நிமிட வேலையைச் செய்யாமல் விடுவதால் பார்வையாளர்கள் சேனலையே இழக்கிறார்கள். இது தவிர்க்கப்பட வேண்டிய அலட்சியம். எனிக்மா2 மென்பொருளில் இயங்கும் பெட்டிகள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கின்றன. மூன்று எண்களோடு செயற்கைக்கோள் நிற்கும் கோணத்தையும் நான்காவது அடையாளமாகச் சேர்த்துக்கொள்கின்றன; எண்கள் நம்பத்தகாதவையாகத் தோன்றினால் அதிர்வெண்ணிலிருந்து கணக்கிட்ட ஒரு மதிப்பையும் அதனுடன் இணைத்துவிடுகின்றன.

இதுவரை பார்த்தது ஒரு நேரத்தில் ஓர் ஓடையைக் கையாளும் பெட்டி. ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவுசெய்ய விரும்பினால் என்ன ஆகும்? இரண்டு சேனல்களும் ஒரே ஓடையில் இருந்தால் ஒரே டியூனர் போதும். டிமக்ஸ் இரு தொகுதி பி.ஐ.டி.களை எடுத்து, ஒன்றைத் திரைக்கும் மற்றொன்றை நினைவகத்துக்கும் அனுப்பிவிடும். வெவ்வேறு ஓடைகளில் இருந்தால் இரண்டாவது டியூனர் தேவை. டியூனர் மட்டும் இரண்டு இருந்தாலும் போதாது. வழக்கமான எல்.என்.பி. ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் வெர்டிகல், ஹாரிசாண்டல் என்னும் இரு அலைத்தளங்களுள் ஒன்றையே இறக்கும். எது வேண்டும் என்பதைப் பெட்டி 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் மின்னழுத்தத்தால் தெரிவிக்கிறது, எந்த அதிர்வெண் பட்டை வேண்டும் என்பதை 22 கிலோஹெர்ட்ஸ் மின்சமிக்ஞையால் தெரிவிக்கிறது. இரு டியூனர்கள் இரு வேறு கட்டளை இட்டால் ஒரு கேபிளால் இரண்டையும் நிறைவேற்ற இயலாது. அதனால் இரண்டு கேபிள் இழுக்க வேண்டும், அல்லது தேவைப்படும் அலைகளை ஒரே கேபிளில் வெவ்வேறு இடங்களில் அடுக்கித் தரும் சிறப்பு எல்.என்.பி. பொருத்த வேண்டும்.

இரண்டு ஓடைகள் பெட்டியின் ஒரே சில்லுக்குள் (சிப்) நுழைந்தபின் பழைய சிக்கல் மீண்டும் தலைதூக்குகிறது: இரண்டிலும் பி.ஐ.டி. 512 இருக்கலாம். ஆகவே சில்லுக்குள் வடிகட்டி பி.ஐ.டி.யை மட்டும் பார்ப்பதில்லை. எந்த நுழைவாயில் வழியே வந்த பொதி என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. கடிகாரத்திலும் இதே கவனம் தேவைப்படுகிறது. ஒளிபரப்பு நிலையத்தில் உள்ள 27 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் நேரம், பி.சி.ஆர். என்ற பெயரில் பொதிகளுக்குள் அவ்வப்போது எழுதி அனுப்பப்படுகிறது. பெட்டி தன் கடிகாரத்தை அதற்கு ஏற்பச் சரிசெய்துகொண்டே படத்தையும் ஒலியையும் இணைக்கிறது. இரு ஓடைகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒரே திரையில் இரு ஓடைகளிலிருந்து இரு படங்களைக் காட்டும் பெட்டி, இரண்டு நேரக் கணக்குகளைத் தனித்தனியே பராமரிக்க வேண்டும்; இல்லையெனில் உதட்டசைவும் பேச்சும் மெல்ல மெல்ல விலகிப்போகும்.

கட்டணச் சேனல்களின் பூட்டைத் திறக்கும் தனி மாட்யூல்களை ஐரோப்பாவில் பல தொலைக்காட்சிப் பெட்டிகளில் செருகிப் பயன்படுத்துகிறார்கள். அந்த மாட்யூலுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரே பாதைதான் உள்ளது. பல ஓடைகளின் பொதிகள் அதில் கலந்து போய்த் திரும்ப வேண்டும். இந்த மாட்யூல்களுக்கான சி.ஐ. பிளஸ் முறையின் பிந்திய பதிப்பு இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. பொதிகளின் முதல் பைட் எப்போதும் 71தான் என்று முன்பே சொன்னோம். எப்போதும் மாறாத பைட்டால் புதிய செய்தி எதுவும் கிடைப்பதில்லை. எனவே அந்த இடத்தில் ஓடையின் அடையாள எண்ணை எழுதி அனுப்புகிறார்கள். திரும்பி வந்ததும் எண்ணைப் படித்துப் பிரித்து, மீண்டும் 71 ஐ வைத்துவிடுகிறார்கள். பொதியின் நீளம் ஒரு பைட்கூடக் கூடவில்லை.

இனி இன்னும் நுட்பமான நிலைக்கு வருவோம். டி.வி.பி.-எஸ் என்ற முதல் தலைமுறை முறையில் ஓர் அலைக்கு ஓர் ஓடை என்பதே விதி. 2005 இல் தரப்படுத்தப்பட்ட டி.வி.பி.-எஸ்2 முறை இதைத் தளர்த்தியது: ஒரே அலைக்குள் பல ஓடைகளை முழு ஓடைகளாகவே அனுப்பலாம். இதற்கு மல்டிஸ்ட்ரீம் என்று பெயர். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக் கோபுரங்களுக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டுசேர்க்க பிரான்சிலும் இத்தாலியிலும் இது பயன்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கோபுரமும் ஒளிபரப்ப வேண்டியது ஏற்கெனவே கட்டித் தயாராக உள்ள ஓர் ஓடை. அதைப் பிரித்துச் சேனல்களாக்கி மறுபடி கட்டாமல், அதன் நேரக் கணக்கும் அட்டவணைகளும் குலையாமல் அப்படியே கொண்டுபோக இம்முறை இடமளிக்கிறது. நான்கு ஓடைகளை நான்கு சிறு அலைகளாக ஒரே டிரான்ஸ்பாண்டரில் ஏற்றினால், அவை ஒன்றையொன்று கெடுக்காமலிருக்க டிரான்ஸ்பாண்டரின் திறனைக் குறைத்து இயக்க வேண்டியிருக்கும். ஒரே அலையாக ஏற்றினால் முழுத் திறனையும் பயன்படுத்தலாம் என்பது கூடுதல் ஆதாயம்.

மல்டிஸ்ட்ரீமில் பொதிகள் நேரடியாக வருவதில்லை. ஃபிரேம் எனப்படும் பெரிய சட்டங்களுக்குள் அடைக்கப்பட்டு வருகின்றன. பிழைதிருத்தப் பகுதியையும் சேர்த்து, முழு அளவுச் சட்டம் ஒன்றின் நீளம் 64,800 பிட். ஒவ்வொரு சட்டத்தின் உள்ளேயும் 10 பைட் நீளமுள்ள ஒரு தலைப்பகுதி இருக்கிறது. அதில் ஒரு பைட், இந்தச் சட்டம் எந்த ஓடைக்கு உரியது என்பதைச் சொல்கிறது. ஐ.எஸ்.ஐ. எனப்படும் இந்த எண் 0 முதல் 255 வரை இருக்கலாம். பெட்டியின் சமிக்ஞைப் பகுதி, தான் தேடும் ஐ.எஸ்.ஐ. உள்ள சட்டங்களை மட்டும் எடுத்து, அவற்றிலிருந்து பொதிகளை வரிசையாகக் கோத்து டிமக்ஸுக்குத் தருகிறது. இடம் மிச்சப்படுத்துவதற்காக வழியில் நீக்கப்பட்ட வெற்றுப் பொதிகளையும், எத்தனை நீக்கப்பட்டன என்ற குறிப்பைப் பார்த்து, அதே இடங்களில் திரும்பச் செருகிவிடுகிறது. டிமக்ஸைப் பொறுத்தவரை, எதுவும் நடக்காததுபோல் வழக்கமான ஓர் ஓடையே வந்து சேர்கிறது. தெருவுக்கு மேலே இன்னொரு நிலை முகவரி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதைப் படிக்கும் திறன் டியூனரோடு சேர்ந்த சில்லிலேயே இருக்க வேண்டும், வெறும் மென்பொருள் புதுப்பிப்பால் எல்லாப் பெட்டிக்கும் அது வந்துவிடாது.

சில ஒளிபரப்புகளில் பி.எல்.எஸ். என்னும் இன்னோர் எண்ணும் தேவைப்படும். அலையை வானில் ஏற்றுமுன் அதைக் கலைத்துப்போடப் பயன்படும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகளுள் எது பயன்பட்டது என்பதை அது குறிக்கிறது. இந்த எண் தவறாக இருந்தால் பெட்டியால் சமிக்ஞையில் நிலைகொள்ளவே முடியாது. இது சரியாக இருந்து, ஐ.எஸ்.ஐ. மட்டும் தவறாக இருந்தாலோ, பெட்டிக்கு மல்டிஸ்ட்ரீம் திறனே இல்லாமலிருந்தாலோ, காட்சி வேறுவிதமாக இருக்கும்: சமிக்ஞையின் வலிமையும் தரமும் திரையில் நிறைந்து நிற்கும், ஸ்கேன் முடிவில் சேனல்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்று வரும். டிஷ்ஷைத் திருப்பியும் கேபிளை மாற்றியும் பல மணி நேரத்தை வீணாக்குபவர்கள் உண்டு. தரக் கோடு நிறைந்திருந்தால் டிஷ் சரியாகவே இருக்கிறது. அந்நிலையில் பெட்டியின் டியூனர் அமைப்புப் பக்கத்துக்குப் போய், மல்டிஸ்ட்ரீம் என்றோ ஐ.எஸ்.ஐ. என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் 0 இலிருந்து தொடங்கி ஒவ்வோர் எண்ணாக இட்டு ஸ்கேன் செய்தாலே, அந்த ஒரே அலைக்குள் மறைந்திருந்த ஓடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும்.